ஹனோயில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு: வேலை நாட்களும் ஒரு நிஞ் பிஞ் பயணமும்

ஹனோயில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் விடுமுறை பெரும்பாலும் சனி, ஞாயிறில் வராது. அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்கு அதிகம் வேலை தருபவை தனியார் மொழி மையங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நேரம்தான் மையங்களுக்குத் தொழில் நேரம். அதனால் செவ்வாய் முதல் வெள்ளி வரை மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வகுப்பு; சனி, ஞாயிறில் காலை எட்டிலிருந்து இரவு வரை வகுப்பு. ஓய்வு திங்கட்கிழமை. அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தால் நேரம் நம் ஊர் போலத்தான், ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருப்பார்கள்.

திருச்சியிலிருந்து போய் இரண்டு வருடம் ஒரு மையத்தில் வேலை பார்த்தேன். வந்த மூன்றாம் மாதத்திலேயே மனம் விட்டுப்போய் ஊருக்குத் திரும்பியவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வகுப்பறையில் தோற்றவர்கள் இல்லை. திங்கட்கிழமையை அறைக்குள் படுத்தே கழித்தவர்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வேலையை எவ்வளவு சொல்கிறேனோ, அந்தத் திங்கட்கிழமையையும், அன்று ஹனோய்க்குத் தெற்கே உள்ள நிஞ் பிஞ் ஊருக்குப் போவதையும், அதே அளவு சொல்லப் போகிறேன்.

புறப்படுமுன் காகிதங்கள்

வேலை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் வந்து கற்பிப்பது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல். "இங்கே வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு முகவர் என்னிடமும் சொன்னார். அதை நம்பி வந்த என் தோழி, விசா முடியும் ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவளுடைய சம்பாத்தியத்தில் பாதி அதற்கே போயிற்று.

தேவைப்படுபவை இவை: ஏதாவது ஒரு பட்டம், குறைந்தது 120 மணி நேரம் படித்து வாங்கிய டெசால் அல்லது டெஃபல் சான்றிதழ் (பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்று), பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் நற்சான்று, மருத்துவச் சான்று. போலீஸ் நற்சான்று ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், ஆகவே அதைக் கடைசியாக விண்ணப்பியுங்கள். என் பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசிடமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்திலும், கடைசியாக வியட்நாம் தூதரகத்திலும் சான்றுறுதி செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் முடிய இரண்டரை மாதம் ஆயிற்று. இந்த விதிகள் அடிக்கடி மாறும். வேலை தரும் இடத்திடம் அன்றைய பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். அதை வைத்துத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை வாங்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை ஆங்கிலத் தாய்மொழியாளர் கணக்கில் அங்கே சேர்க்க மாட்டார்கள். விளம்பரங்கள் பலவற்றில் "தாய்மொழியாளர் மட்டும்" என்றிருக்கும். ஒரே வேலைக்குச் சம்பளத்திலும் வேறுபாடு உண்டு. இது வருத்தம் தருகிற விஷயம், நியாயமும் இல்லை. ஆனால் பதினைந்து நிமிட மாதிரி வகுப்புக்கு நேரம் தரும் மையங்களும் இருக்கின்றன. எனக்கு வேலை வாங்கித் தந்தது அந்தப் பதினைந்து நிமிடம்தான். விண்ணப்பக் கடிதத்திலேயே "மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டத் தயார்" என்று எழுதிவிடுங்கள்.

எனக்கு மணிக்கு 3,80,000 டாங் கிடைத்தது. வாரத்துக்கு இருபது மணி நேரம். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் சுமார் ஒரு லட்ச ரூபாய் வந்தது. சிக்கனமாக இருந்தால் பாதியை மிச்சம் பிடிக்கலாம்.

நோட்டுகளில் ஓர் எச்சரிக்கை. 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். முன்னது அறுபத்தைந்து ரூபாய்க்குச் சமம், பின்னது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். முதல் மாதம் முழுக்க இரண்டையும் பர்ஸில் தனித்தனி அறையில் வையுங்கள்.

வீடு பார்த்தல்

வெளிநாட்டவர் அதிகம் வாழ்வது மேற்கு ஏரியைச் சுற்றியுள்ள தய் ஹோ பகுதியில். அங்கே வாடகை கூடுதல். நான் காவ் ஸெய் பகுதியில் ஒற்றை அறை வீடு எடுத்தேன், மாதம் 65 லட்சம் டாங். ஒரு மாத வாடகை முன்பணம். நம் ஊரில் கேட்கும் பத்து மாத அட்வான்ஸ் கதை அங்கே இல்லை.

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு? உங்கள் பெயரைக் காவல் நிலையத்தில் தற்காலிகக் குடியிருப்பாளராகப் பதிவு செய்வாரா? மாடியிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே?

மூன்றாவதைக் கேட்காமல் விடாதீர்கள். 2023 செப்டம்பர் 12 இரவு, தான் சுவான் பகுதியில் சிறு குடியிருப்புகள் கொண்ட ஒரு கட்டடத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் தொடங்கிய தீ, ஒரே படிக்கட்டு. ஹனோயின் ஒடுங்கிய உயரமான வீடுகள் நிறையவற்றில் பால்கனி முழுக்க இரும்புக் கம்பி அடித்திருப்பார்கள். கம்பியில் திறக்கக்கூடிய கதவு இருக்கிறதா, அதன் சாவி எங்கே தொங்குகிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். வாடகை குறைவு என்று முதலில் பார்த்த ஒரு வீட்டை இதற்காகவே வேண்டாம் என்றேன்.

வீட்டில் காற்றின் ஈரம் உறிஞ்சும் கருவி இருந்தால் நல்லது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை "நோம்" என்றொரு பருவம் வரும். கடலிலிருந்து ஈரக்காற்று வந்து குளிர்ந்த தரையில் படும்போது, தரையும் சுவரும் வியர்த்துக் கொட்டும். துணி நான்கு நாளானாலும் காயாது, தோல் செருப்பில் பூஞ்சை படரும். கதவு ஜன்னலை மூடி வைக்க வேண்டும். காற்றாட விடுகிறேன் என்று திறந்தால் ஈரம் இன்னும் ஏறும். ஜூனில் வெயில் 38, 39 டிகிரி வரை போகும். ஜனவரியில் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கும், வீடுகளில் வெப்பமூட்டி இருக்காது. கம்பளிச் சட்டை இரண்டு கொண்டு போங்கள்.

ஒரு வேலை நாள்

காலை முழுக்க உங்களுடையது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பாடம் தயாரியுங்கள். பதினொன்றரைக்கு ஊரே சாப்பிடும், பிறகு ஊரே தூங்கும். தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைப்பார்கள். வங்கி, அலுவலக வேலைகளைப் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் படுத்து எழுந்திருங்கள். இரவு ஒன்பது வரை தொண்டை தாங்க வேண்டும்.

ஐந்தரை வகுப்புக்கு நான் ஐந்துக்கே போய்விடுவேன். பதினைந்து பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், கூடவே வியட்நாமிய உதவி ஆசிரியை ஒருவர். அவரிடம் அன்றைய பாடத்தை ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். பெற்றோரிடம் பேசுவது அவர், அழுகிற பிள்ளையைத் தேற்றுவது அவர், உங்களைப் பற்றி மையத்தில் நல்ல வார்த்தை சொல்வதும் அவர்.

பாடத்தில் உங்களுக்கு அதிகம் வேலை வைக்கப் போவது சொல்லின் கடைசி ஒலி. நாம் பஸ்ஸு, காரு, பேங்க்கு என்று கடைசியில் ஒரு உகரம் சேர்த்துவிடுவோம். வியட்நாமியப் பிள்ளைகள் கடைசி மெய்யையே விழுங்கிவிடுவார்கள். அவர்கள் மொழியில் ஒரு சொல் ஸ், ல், ட்ஸ் போன்ற ஒலிகளில் முடியாது. அதனால் ரைஸ், ரைட், ரைடு மூன்றும் அவர்கள் வாயில் ஒரே "ரை" ஆகிவிடும். "மீண்டும் சொல், மீண்டும் சொல்" என்பதால் பயனில்லை. நான் கையைப் பாம்பு போல நெளித்துக் காட்டுவேன். அந்தச் சைகை வந்தால் ஸ் சொல்ல வேண்டும். ட் ஒலிக்கு உள்ளங்கையில் ஒரு தட்டு. மூன்று வாரத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பாம்பு காட்டித் திருத்திக்கொண்டார்கள்.

அடுத்தது காலம். வியட்நாமிய வினைச்சொல் உருமாறாது. நேற்று போ, இன்று போ, நாளை போ, அவ்வளவுதான். "நேற்று" என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறபோது வினையையும் ஏன் மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. இதற்கு நான் கண்ட மருந்து என் திங்கட்கிழமைப் பயணம்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நவம்பர் 20 ஆசிரியர் தினம். பூங்கொத்தோடு பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். அன்று நல்ல உடையில் போங்கள், எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை என்று அழைப்பார்கள்

எந்தப் பிள்ளையும் முதல் நாளே கேட்பது: "டீச்சர், உங்களுக்கு என்ன வயது?" காய்கறிக்காரம்மா கேட்பார், வண்டி ஓட்டுபவர் கேட்பார். இது வம்பு இல்லை. வயது தெரியாமல் அவர்களால் உங்களை அழைக்கவே முடியாது. நான், நீ என்பதற்குப் பதிலாக உறவுமுறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதைப் பழகத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரை அண்ணா என்றும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது வீட்டுப் பழக்கம்.

அண்ணன் "ஆஞ்". அக்கா "சீ". தம்பி, தங்கை இரண்டுக்கும் "எம்". இன்னும் உள்ளே போனால் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அப்பாவுக்கு மூத்தவர் "பாக்", அதாவது பெரியப்பா. அப்பாவுக்கு இளையவர் "சூ", சித்தப்பா. அம்மாவின் தம்பி "கவ்", தாய்மாமன். எல்லோரையும் அங்கிள் ஆன்ட்டி என்று ஒரே மூட்டையில் கட்டாத மொழி அது. அப்பாவின் தங்கை "கோ", நம் அத்தை. பெண் ஆசிரியரை அழைப்பதும் அதே "கோ"தான். இரண்டு வருடமும் எண்பது பிள்ளைகள் என்னை அத்தை என்று கூப்பிட்டார்கள்.

ஒலியிலும் நமக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் மொழியில் சொல்லின் தொடக்கத்திலேயே ங வரும், ஞ வரும். நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயரே ங-வில் தொடங்குகிறது; வீடு என்பதற்குச் சொல் "ஞா". ஞாயிறு, ஞாலம் என்று சொல்லிப் பழகிய நாக்கு இதில் தடுமாறாது.

தடுமாறப் போவது தொனியில். ஆறு தொனிகள். "மா" என்ற ஒன்றையே தொனி மாற்றிச் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறு பொருள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓர் ஆசிரியரிடம் உட்காருங்கள். எண்கள், உறவுமுறை, சாப்பாடு, வழி கேட்பது, இந்த நான்கும் வந்துவிட்டால் போதும், ஊர் திறந்துகொள்ளும்.

சாப்பாடு

சைவம் என்றால் "ஆன் சாய்". ஆனால் அதை மட்டும் சொன்னால் போதாது. கீரையை வதக்கினாலும் "நுவக் மம்" என்ற மீன் சாறு ஊற்றும் பழக்கம் உண்டு. "கோங் நுவக் மம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், மீன் சாறு வேண்டாம் என்று பொருள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்குத்தான் ஏறக்குறைய. அந்த நாட்களில் சைவக் கடைகளில் புதுப்புதுப் பதார்த்தங்கள் போடுவார்கள், சீக்கிரம் போய்விடுங்கள்.

சமைக்கிறவர்களுக்குக் கவலையில்லை. உடைத்த பாசிப்பருப்பு எல்லாச் சந்தையிலும் கிடைக்கும். வெண்டை, பாகல், பூசணி, கீரை வகைகள் தாராளம். புளிக்குப் பதிலாக "சவ்" என்ற பச்சைக்காய் ஒன்று கோடையில் வரும். அதைப் போட்டுப் பருப்பு ரசம் வைத்தேன், நன்றாகவே இருந்தது. பெருங்காயம், கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி மூன்றையும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டைக் காப்பியை விடாதீர்கள். 1946இல் பால் கிடைக்காத காலத்தில், ஸாங் என்பவர் மஞ்சள்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றியதில் தொடங்கியது அது.

தெருவைக் கடப்பது, வண்டி ஓட்டுவது

தெருவைக் கடக்கையில் ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள். நடுவில் நிற்காதீர்கள், ஓடாதீர்கள், பின்னால் போகாதீர்கள். வண்டிக்காரர்கள் உங்கள் நடையைக் கணித்து ஒதுங்கிப் போவார்கள்.

இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை நம்பி அங்கே பைக் எடுக்காதீர்கள். குடியிருப்பு அட்டை வந்ததும் உள்ளூர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் விபத்து என்றால் காப்பீட்டுப் பணம் வராது. 2020 ஜனவரி முதல் சட்டம் கடுமை. ஒரு துளி மது குடித்தும் வண்டி ஓட்டக் கூடாது. முதல் ஆறு மாதம் எனக்கு, கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வண்டியும் பேருந்துமே போதுமானதாக இருந்தன.

திங்கட்கிழமை: நிஞ் பிஞ்

ஹனோயிலிருந்து தெற்கே சுமார் 95 கிலோமீட்டர். நெல் வயலுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் ஊர். 2025 ஜூலையில் பக்கத்து மாகாணங்களான ஹா நாம், நாம் டிஞ் இரண்டையும் இணைத்து இப்போது பெரிய மாகாணமாகிவிட்டது; நாம் போக வேண்டியது பழைய நிஞ் பிஞ் நகரை ஒட்டிய பகுதிக்கு. ஹா லாங் விரிகுடாவுக்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். ஒரே நாள் விடுப்புள்ள ஆசிரியருக்கு நிஞ் பிஞ்தான் சரி. தூரம் குறைவு, செலவு குறைவு, சைக்கிளில் சுற்றலாம். திங்கட்கிழமை என்பதால் கூட்டமும் இருக்காது.

எப்போது போவது? மே கடைசி, ஜூன் தொடக்கம். தாம் கொக் கிராமத்து வயல்களில் நெல் பழுத்துப் பொன்னாக நிற்கும். மற்ற மாதங்களில் போனாலும் குறையில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் புயல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாயிறு இரவு கடைசி வகுப்பு முடிந்து வந்ததும் படுத்துவிடத் தோன்றும். பையை வெள்ளிக்கிழமையே கட்டி வைத்துவிடுங்கள். மெல்லிய மழைக்கோட்டு, தொப்பி, தண்ணீர், பாஸ்போர்ட் (தங்கும் இடத்தில் பதிவுக்குக் கேட்பார்கள்), இரண்டு வாழைப்பழம், மாற்றுடை. ரயில் டிக்கெட்டை ரயில்வேயின் இணையதளத்திலேயே எடுக்கலாம். காலை ஆறு மணியை ஒட்டி ஹனோய் நிலையத்திலிருந்து தெற்கே போகும் வண்டி ஒன்று உண்டு. எண்ணையும் நேரத்தையும் முந்தின நாள் சரிபாருங்கள். இரண்டேகால் மணி நேரம். வேன்கள் இன்னும் வேகம், வீட்டு வாசலுக்கே வரும். ஆனால் போகும்போது ரயிலில் போங்கள். நகரத்துக்குள் வீடுகளின் பின்கட்டை உரசிக்கொண்டு போகும் தண்டவாளம், ஃபூ லீ என்ற ஊரைத் தாண்டியதும் வயலுக்குள் இறங்கும். வயல் நடுவே அவர்கள் முன்னோரின் கல்லறைகள் சிறு கோயில்கள் போல நிற்கும். நாற்றும் கல்லறையும் ஒரே எழுத்தில் தொனி மாறி வருவதை அங்கேதான் உணர்ந்தேன்.

எட்டரை வாக்கில் இறங்கி, தாம் கொக் கிராமத்துக்குப் போங்கள். ஏழு கிலோமீட்டர்தான். செவ்வாய் வகுப்பு மாலையில்தான் என்பதால் இரவு அங்கேயே தங்கலாம்; வீட்டோடு சேர்ந்த தங்குமிடம் ஏதாவதொன்றில் அறை எடுங்கள். சைக்கிளும் அவர்களே தருவார்கள். பையைப் போட்டுவிட்டு உடனே ஹாங் முவா குன்றுக்கு மிதியுங்கள். கிட்டத்தட்ட ஐந்நூறு படிகள். பத்து மணிக்கு மேல் கல் சுடும், அதனால்தான் இதை முதலில் வைத்தேன். பாதியில் படி இரண்டாகப் பிரியும். உயரமான பக்கம் உச்சியில் கல்லால் செய்த டிராகன் மலைமேட்டில் நீளமாகக் கிடக்கும். அங்கே பாறைகள் கூர்மையாக இருக்கும், செருப்போடு ஏறாதீர்கள், ஷூ வேண்டும். கீழே ஆறு வயலுக்குள் வளைந்து போவது தெரியும். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு நாள் பேசிய தொண்டைக்கு அந்த அரை மணி நேரம் மருந்து.

மதியம் தூக்கம். ஆட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர் அது. சைவர்களுக்கு "கோம் சாய்" உண்டு: பானை அடியில் பிடித்த சோற்றுக்காந்தலைக் காயவைத்துப் பொரித்துத் தருவார்கள். மேலே ஊற்றும் குழம்பைக் காய்கறியில் கேளுங்கள். இந்தச் "சாய்" பொரிகிற காந்தல், சைவத்தின் "சாய்" வேறு, தொனியைக் கவனியுங்கள்.

மூன்று மணிக்குப் பழைய தலைநகரான ஹுவா லூ. சைக்கிளில் முக்கால் மணி நேரம், சோர்வாக இருந்தால் கிராப். பெரும்பாலான பயணிகள் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் இடம் இது. நான் மாறாகச் சொல்வேன்: ஆசிரியராகப் போகிறவர் ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டியது இங்கேதான். பன்னிரண்டு குறுநிலத் தலைவர்களை அடக்கி நாட்டை ஒன்றாக்கிய டிஞ் போ லிஞ், 968இல் இந்தக் குன்றுகளையே கோட்டைச் சுவராகக் கொண்டு தலைநகர் அமைத்தார். 979இல் அவர் கொல்லப்பட்டார்; மகன் சிறுவன்; வடக்கே சீனத்தின் சோங் படை காத்திருந்தது. அரசி ஸுவாங் வான் ஙா அரச உடையைத் தளபதி லே ஹுவானிடம் கொடுத்து அவரை அரசராக்கினார். 981இல் சோங் படை தோற்றுத் திரும்பியது. அரசர்கள் இருவருக்கும் தனித்தனிக் கோயில்கள் இருக்கின்றன. லே ஹுவானின் கோயிலில் அந்த அரசிக்கும் சிலை உண்டு, தேடிப் பாருங்கள்.

பின்னால் வந்த அரசர் லீ தாய் தோ, இந்த இடம் குறுகல் என்று 1010இல் தலைநகரைச் சமவெளிக்கு மாற்றினார். அதற்குத் தாங் லோங், எழும் டிராகன், என்று பெயரிட்டார். அதுதான் இன்றைய ஹனோய். காலையில் நாம் ரயிலில் வந்த வழி, அவர் போன வழிக்கு எதிர்த்திசை. நம்மூரில் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்ததும் அதே 1010இல்தான். 2010இல் தஞ்சையில் கோயிலுக்கு ஆயிரமாண்டு விழா எடுத்தபோது இங்கே நகரத்துக்கு ஆயிரமாண்டு விழா. இதை என் மாணவர்களிடம் சொன்ன நாளில், அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் கரும்பலகையில் இரண்டு கோபுரம் வரைந்து நடுவில் 1010 என்று எழுதினாள்.

படகு: எதைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு படகுப் பயணம் உண்டு, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தாம் கொக் என்றால் மூன்று குகை என்று பொருள். ஙோ டோங் ஆறு மூன்று குகைகளின் ஊடே ஓடும், முதலாவது 127 மீட்டர் நீளம். இருபுறமும் வயல். இரண்டாவது ட்ராங் ஆன். அங்கே வயல் இல்லை; குகைகள் அதிகம், நீர் பளிங்கு, மூன்று மணி நேரம். 2014இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பு முழுவதையும் இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. நெல் பழுத்த காலமென்றால் தாம் கொக், மற்றக் காலமென்றால் ட்ராங் ஆன். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டாம்.

தாம் கொக்கில் துடுப்பைக் காலால் வலிப்பார்கள். என் படகை ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும், "பாக்" என்று அழைத்தேன். செருப்பைக் கழற்றி வைத்தார். முதுகைப் பலகையில் சாய்த்து, இரண்டு உள்ளங்காலையும் துடுப்பின் பிடியில் பதித்தார். வலது முழங்கால் மடங்கும்போது இடது நீளும், சைக்கிள் மிதிப்பது போல. பெருவிரல் மட்டும் பிடியைக் கவ்விக்கொண்டிருந்தது. கை இரண்டும் சும்மா இருந்ததால் பனையோலைத் தொப்பியைச் சரிசெய்தார், பூத்தையல் போட்ட துணிகளை எடுத்துக் காட்டினார். குகைக்குள் நுழைந்ததும் காலை எடுத்துவிட்டுக் கைக்கு மாறினார். அங்கே பாறை தலையை இடிக்கும் உயரத்தில் தொங்கும். நீங்களும் குனிந்துகொள்ளுங்கள்.

துணி வாங்க விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே "இல்லை" சொல்லலாம். இறங்கும்போது அன்பளிப்பு கொடுங்கள். நான் 50,000 டாங் கொடுத்தேன்.

ட்ராங் ஆன் என்றால் செவ்வாய் காலை ஏழுக்கே படகுத்துறையில் நில்லுங்கள். நான் போனபோது டிக்கெட் 2,50,000 டாங். மூன்று தடங்களில் ஒன்றை டிக்கெட் வாங்கும்போதே சொல்ல வேண்டும். ஒரு படகில் நான்கு பேர். தனியாகப் போனால் வேறு மூவரோடு சேர்த்து அனுப்புவார்கள். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள்.

பதினொன்றரை வேனைப் பிடித்தால் இரண்டு மணிக்குள் வீடு. ஒரு மணி நேரம் படுங்கள். தங்கும் அறை, ரயில், வேன், சைக்கிள், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 11 லட்சம் டாங், அதாவது ஏறத்தாழ 3,700 ரூபாய். மூன்று மணி நேர வகுப்புச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு.

செவ்வாய் மாலை ஐந்தரை

இப்போது முன்பு விட்ட இடத்துக்கு, வினைச்சொல்லின் காலத்துக்கு, வருகிறேன். ரயில் டிக்கெட், படகு டிக்கெட், ஐந்து படங்கள், இவற்றை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். கரும்பலகையில் "நேற்று" என்று எழுதி, கீழே போ, பார், சாப்பிடு, ஏறு என்ற வினைகளை ஆங்கிலத்தில் வரிசையாக எழுதுங்கள். படத்தை ஒவ்வொன்றாகக் காட்டி, நடந்து முடிந்ததைச் சொல்லுங்கள். போனேன், பார்த்தேன், ஏறினேன். டிக்கெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அதில் தேதி இருக்கிறது, கிழிந்திருக்கிறது. முடிந்துபோன காரியம் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று பாடப்புத்தகத்தில் இல்லை. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

முதல் முறை செய்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் டிக்கெட்டை விடவே இல்லை. ரயில் நின்ற ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், ஃபூ லீயில் நிறுத்தினான். பாட்டி வீடு அங்கே என்றான். எழுந்து நின்று, நேற்று நான் பாட்டியோடு பேசினேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். வினையின் கடைசி ஒலியை உச்சரிக்கும்போது தன் உள்ளங்கையில் தானே ஒரு தட்டுத் தட்டினான்.